‘மன்றாடுவோமாக’ என்றபின் வரும் மௌனம்
வாசகர் கேள்வி – பதில்

ஆலயத்தில் நடந்துகொள்ளும் முறை பற்றிச் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு, வழிபாட்டுப் பயிற்சி தரும் குழுவினர் இங்கே பதில் சொல்கிறார்கள். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். கேள்விகள் எல்லாமே கத்தோலிக்கத் திருப்பலியை (பூசையை) ஒட்டி வந்ததால் பதில்களும் அந்த முறைப்படியே.

கேள்வி: கடை வைத்திருப்பவன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் மனசு கல்லாப்பெட்டிக்குப் போய்விடுகிறது. மணி அடித்ததும்தான் எங்கே இருக்கிறோம் என்றே உறைக்கிறது. இந்தப் பராக்கை நிறுத்த வழி உண்டா?
— காரைக்குடி வாசகர்

நிறுத்த வழியில்லை ஐயா, திரும்பி வர வழி உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2729-ஆம் எண்ணில் இதைத்தான் பேசுகிறது. பராக்கை விரட்டிப் பிடிக்கக் கிளம்பினால் அது விரித்த வலையில் நாமே போய் விழுவோம், நம் உள்ளத்துக்குத் திரும்பி வந்தாலே போதும் என்பது அதன் கருத்து. நம் மனம் எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பராக்கு காட்டிக்கொடுத்துவிடுகிறது என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் அது கல்லாப்பெட்டி.

அந்தக் கல்லாப்பெட்டியைக் கொண்டுவந்து வைப்பதற்கென்றே திருப்பலியில் ஓர் இடம் இருக்கிறது. தொடக்கத்தில் குரு ‘மன்றாடுவோமாக’ என்று சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் நிற்பார். புத்தகத்தில் பக்கம் தேடுகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மௌனம் மக்களுக்கானது. அவரவர் கொண்டுவந்த கவலையை அவரவர் மனத்துக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். பிறகு எல்லாருடைய வேண்டுதலையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி குரு ஒரே மன்றாட்டாகச் சொல்கிறார். திருக்குழும மன்றாட்டு என்ற பெயரே அதனால் வந்ததுதான். கொள்முதல், கடன், வராத பாக்கி எல்லாவற்றையும் அந்த ஐந்தாறு விநாடியில் பேர் சொல்லி வைத்துவிடுங்கள். ஏற்கெனவே ஒப்படைத்துவிட்ட கவலை மறுபடி வந்து தட்டும்போது திருப்பி அனுப்புவது சுலபம்.

பாவமன்னிப்பு வழிபாட்டின் தொடக்கத்திலும், வாசகங்களுக்கும் மறையுரைக்கும் பிறகும், நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கிய பிறகும் இதே போன்ற மௌனங்கள் உண்டு. திருப்பலி முறைகளைச் சொல்லும் ‘திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை’ 45-ஆம் எண்ணில் இவற்றை வழிபாட்டின் ஒரு பகுதி என்றே சொல்கிறது. இந்த மௌனங்களை விழுங்கிவிட்டு ஓடும் திருப்பலியில் பராக்கு வராவிட்டால்தான் ஆச்சரியம். உங்கள் பங்கில் இடைவெளியே விடுவதில்லை என்றால் சாமியாரிடம் தனியாகச் சொல்லிப் பாருங்கள். கடிகாரத்துக்குப் பயந்து ஓட்டுபவர்களே அதிகம். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை இரவு கடையடைத்து வந்ததும் மறுநாள் நற்செய்தியை ஒருமுறை படித்துவிடுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஞாயிறு நற்செய்திகள் மூன்று ஆண்டுச் சுற்றில் வருகின்றன. முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. பாஸ்கா (உயிர்ப்பு) காலத்திலும் வேறு சில வாரங்களிலும் யோவான் வருவார். முதல்முறை காதில் விழும் பகுதியைவிட ஏற்கெனவே படித்த பகுதியைக் காது தானாகப் பிடித்துக்கொள்ளும். ஞாயிறு காலை பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, முன்பக்கத்தில் மூன்றாவது நான்காவது வரிசையில் உட்காருங்கள். கடைசி வரிசையில் இருந்தால் முன்னால் இருக்கும் இருநூறு பேரின் முதுகும், அவர்கள் கையிலிருக்கும் போனும், தவழ்கிற குழந்தையும்தான் உங்கள் பலிபீடம்.

கேள்வி: எங்கள் அப்பத்தா முக்காடு போடாமல் கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. செருப்பை வாசலிலேயே விடுவார்கள். இப்போது மருமகள் இரண்டையும் சட்டமில்லை என்கிறாள். யார் சொல்வது சரி?
— தேவகோட்டை வாசகி

இரண்டு பேருமே சரிதான். 1917-இல் வெளிவந்த பழைய திருச்சபைச் சட்டத்தில் பெண்கள் தலையை மூடியிருக்க வேண்டும் என்று இருந்தது. 1983 சட்டத்தொகுப்பில் அது இல்லை. ஆகவே முக்காடு கட்டாயமில்லை, விரும்பிப் போடுகிறவர்களைத் தடுக்கவும் யாருக்கும் உரிமையில்லை. ஒரு சின்ன எச்சரிக்கை: வழுக்கும் பட்டுச்சேலைத் தலைப்பை நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்து விட்டுக்கொண்டிருந்தால் முக்காட்டின் நோக்கமே கெட்டுவிடும். பருத்தித் துணியாக இருந்தால் நழுவாது.

செருப்பைக் கழற்றச் சொல்லி ரோமிலிருந்து எந்த உத்தரவும் வரவில்லை. இந்திய ஆயர்கள் கேட்டதன்பேரில் 1969 ஏப்ரல் 25 அன்று ரோம் அனுமதித்த பன்னிரண்டு அம்சங்களில் தரையில் உட்காருவதும் பாதணியைக் கழற்றுவதும் இருக்கின்றன. நம் பக்கத்தில் வீட்டுத் திண்ணை தாண்டும்போதே செருப்பு கழன்றுவிடும். பெரியவர்களைக் கண்டால் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும். அந்தப் பழக்கம் உடம்பிலேயே ஊறியிருப்பவர்கள் ஆலயத்துக்கு மட்டும் வேறு முறை வைத்துக்கொள்ளத் தேவையில்லை. நகரத்துப் பங்கு ஆலயத்தில் எல்லாரும் செருப்போடு இருந்தால் அதைக் குற்றமாகப் பார்க்கவும் வேண்டாம். ஆனால் வாசகம் படிக்கவோ காணிக்கை கொண்டுபோகவோ பீடத்தருகே ஏறுபவர்கள் கழற்றிவிட்டு ஏறுவது அழகு. வாசலில் செருப்பைக் குறுக்கே குவிக்காமல் ஓரமாக விடுங்கள். தீர்த்தத் தொட்டிக்கு முன்னால் குவியும் செருப்பில்தான் வயதானவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

கேள்வி: மூட்டு தேய்ந்துவிட்டது. முழங்கால் போட முடியவில்லை. எழுந்தேற்ற நேரத்தில் (குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும்போது) உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருக்கிறது.
— கல்லல் வாசகர்

கூச்சமே வேண்டாம். உடல்நிலை, இட நெருக்கடி போன்ற காரணங்களால் முழங்காலிட முடியாதவர்களுக்கு விதியே விலக்குத் தருகிறது. வசீகரத்துக்குப் (அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறும் நேரத்துக்குப்) பின் குரு முழங்காலிட்டு வணங்கும்போது நின்றபடி இடுப்பை வளைத்து ஆழமாக வணங்கினால் போதும். நிற்கவும் முடியாதவர் உட்கார்ந்தபடியே தலை தாழ்த்தலாம். நற்கருணை வைத்திருக்கும் பேழைக்கு முன் வலது முழங்கால் தரையைத் தொட வேண்டும் என்பது பொது முறை. மேலே சொன்ன 1969 அனுமதியின்படி, கைகூப்பி ஆழ்ந்து வணங்குவது இந்தியாவில் அதற்கு ஈடாகும்.

தவறு வேறு இடத்தில் நடக்கிறது. முழங்காலையும் போடாமல் வணங்கவும் செய்யாமல், நடையோடு நடையாக முட்டியை லேசாகச் சொடுக்கிவிட்டுப் போகிறோமே, அதுதான். பேழை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் எரியும் விளக்குதான் அடையாளம். நின்று, அந்தப் பக்கம் திரும்பி, வணங்கி, பிறகு நடங்கள். பேழை பக்கவாட்டுச் சிற்றாலயத்தில் இருந்தால் நடுப்பீடத்துக்கு வணக்கம் மட்டும் போதும். வெறும் தரையில் முழங்காலிடும் சின்னக் கோயில்களில் நான்காக மடித்த துண்டு ஒன்றைக் கொண்டுபோவதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை.

கேள்வி: எங்கள் அன்பியத்துக்கு (பங்கின் சிறு குடும்பக் குழுவுக்கு) மாதம் ஒருமுறை வாசகம் படிக்கும் முறை வருகிறது. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிப்பவள்தான். ஆனாலும் கோயிலில் படித்தால் யாருக்கும் ஒன்றும் விளங்குவதில்லை என்கிறார்கள். என்ன குறை?
— புதுவயல் வாசகி

நன்றாகப் படிப்பவர்களுக்குத்தான் இந்தக் குறை வரும். கண் வேகமாக ஓடுகிறது, வாயும் பின்னாலேயே ஓடுகிறது, கேட்பவர் காது அந்த வேகத்துக்கு வருவதில்லை.

தமிழில் வினைச்சொல் கடைசியில் நிற்கிறது. எதிர்மறையும் அங்கேதான். எசாயா 49-ஆம் அதிகாரத்தில் தாய் தன் பிள்ளையை மறந்தாலும் என்று சொல்லி வரும் ‘நான் உன்னை மறக்கவே மாட்டேன்’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு தீர்ந்துபோய் ‘மாட்டேன்’ என்பதை வாய்க்குள் விழுங்கினால், கடவுள் மறந்துவிட்டார் என்றுகூடப் பின்வரிசைக்காரர் எண்ணிக்கொள்ளக்கூடும். ஆகவே மூச்சைக் கடைசிச் சொல்லுக்கு மிச்சம் வையுங்கள். பவுலின் திருமுகங்களில் ஒரே வாக்கியம் ஆறேழு வரி போகும். அங்கே எங்கே நிறுத்துவது என்பதைப் பென்சிலால் நகல் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வாசக நூலில் கிறுக்க வேண்டாம்.

மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். முதல்முறை பொருளுக்கு: யார், யாரிடம், எதற்காகப் பேசுகிறார்? இரண்டாம்முறை மூச்சுக்கு. மூன்றாம்முறை முடிந்தால் வாசக மேடையிலேயே நின்று, ஒலிவாங்கியோடு. தூய ஆவியார் பெருவிழா முறை உங்களுக்கு வந்தால் பார்த்தர், மேதியர், எலாமியர், கப்பதோக்கியா, பிரிகியா, பம்பிலியா என்று பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். முதல்நாளே வாயில் பழகாவிட்டால் அன்றைக்கு மேடையில் சிரிப்புதான் வரும்.

எழுத்துகளில் ல, ள, ழ மூன்றையும் கவனியுங்கள். ‘ஒளி’ வேண்டிய இடத்தில் ‘ஒலி’ கேட்கிறது, ‘பலி’ பல ஊர்களில் ‘பழி’ ஆகிவிடுகிறது. பொருளே மாறிவிடுவதால் இதை உச்சரிப்பு அழகு என்று தள்ளிவிட முடியாது.

மேடைக்கு வரும்போது பீடத்துக்கு வணக்கம் செய்யுங்கள். ஒலிவாங்கி வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், உதட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். நேராக வாய்க்கு எதிரே வைத்தால் ‘ப’கரம் ஒவ்வொன்றும் வெடிக்கும். ‘முதல் வாசகம்’ என்று தலைப்பைப் படிக்க வேண்டாம். அதன் கீழே சாய்வெழுத்தில் இருக்கும் சுருக்க வரியையும் படிக்க வேண்டாம். அவை உங்கள் கண்ணுக்கானவை. ‘இறைவாக்கினர் எசாயா நூலிலிருந்து வாசகம்’ என்று தொடங்கி, இரண்டு விநாடி நிறுத்தி, பிறகு படியுங்கள். முடித்ததும் மறுபடி இரண்டு மூன்று விநாடி. நிமிர்ந்து பார்த்து ‘ஆண்டவரின் அருள்வாக்கு’ சொல்லுங்கள். இந்த இடைவெளி இல்லாவிட்டால் அது வாசகத்தின் கடைசி வரி போலவே ஒலிக்கும். போனைப் பார்த்துப் படிப்பதைத் தவிருங்கள். நடுவில் ஒரு அழைப்பு வந்தால் இறைவாக்கினர் மறைந்து மாமா பேர் திரையில் வரும்.

கேள்வி: நன்மையைக் கையில் வாங்கும்போது இடது கையை மேலே வைக்கச் சொல்கிறார்கள். பெரியவர்கள் கொடுக்கும் திருநீறு, பணம், வெற்றிலை எதையும் இடது கையில் வாங்கிப் பழக்கமில்லாத நமக்கு இது உறுத்துகிறதே?
— கோட்டையூர் வாசகர்

உறுத்துவது நியாயம். நான்காம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் புனித சிரில், வலது கைக்கு இடது கையை அரியணையாக வைத்து, குழித்த உள்ளங்கையில் அரசரை வாங்குங்கள் என்றார். அவர் சொல்லில் வலதுதான் மேலே. இன்று பரவலாகச் சொல்லித் தருவது அதற்கு மாறாக இடது மேலே, வலது கீழே. காரணம் வசதிதான்: அப்பத்தை எடுத்து வாயில் வைப்பது வலது கை விரல்கள். அந்த நேரத்தில் இடது கையை வாங்கும் கையாக நினைக்க வேண்டாம், வலது கைக்கு ஏந்தித் தரும் தட்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். வலது கையை மேலே வைத்து வாங்கி, உள்ளங்கையை வாய்க்குக் கொண்டுபோய் உண்பதும் பிழையில்லை. எதிலும் மனம் ஒப்பவில்லையா? நாவில் வாங்குங்கள். அது எல்லா விசுவாசிகளுக்கும் எப்போதும் உள்ள உரிமை என்று 2004-ஆம் ஆண்டு வெளிவந்த ரோம் அறிவுரை தெளிவாகச் சொல்கிறது. கைக்குழந்தையைத் தூக்கி வருபவர்களுக்கும் நாவே பத்திரம்.

கையில் வாங்குவதில் கெடுவது பெரும்பாலும் வேறு விஷயங்கள். இரண்டு விரலை நீட்டிக் குருவின் கையிலிருந்து பிடுங்குவது ஒன்று. வாங்கிக்கொண்டே நடந்து, பாதி வழியில் வாயில் போடுவது இன்னொன்று. ஓரடி விலகி, பீடத்தைப் பார்த்து நின்று, அங்கேயே உட்கொண்டுவிட்டுத்தான் நகர வேண்டும். பிறகு உள்ளங்கையைப் பாருங்கள். சிறு துணுக்கு ஒட்டியிருந்தால் அதையும் நாவால் எடுத்துக்கொள்ளுங்கள். சேலையிலோ வேட்டியிலோ துடைக்காதீர்கள். முன்னால் இருப்பவர் வாங்கும்போதே நீங்கள் வணங்கிவிட்டால் வரிசையும் தடைபடாது. ‘கிறிஸ்துவின் திருவுடல்’ என்பதற்கு ‘ஆமென்’ என்று காதில் விழும்படி சொல்லுங்கள். தலையாட்டுவது பதிலாகாது.

கேள்வி: பிப்ரவரியில் ஓரியூர் போக பஸ் பிடித்திருக்கிறோம். வழியில் காலைச் சாப்பாடு. அங்கே போய் நன்மை வாங்கலாமா? அன்று காலையில் எங்கள் ஊரிலேயே பூசை பார்த்து வாங்கிவிட்டால் மறுபடி வாங்கலாமா?
— திருப்பத்தூர் வாசகி

சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் வாங்கலாம். திருப்பலி தொடங்கும் நேரத்தைக் கணக்கிட வேண்டியதில்லை, நன்மை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி ஒரு மணி. தண்ணீரும் மருந்தும் தடையில்லை. காபி, பால், வெற்றிலை, மிட்டாய் எல்லாம் தடைதான். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இந்த ஒரு மணியிலும் விலக்கு உண்டு. அந்தக் காலத்தில் நள்ளிரவிலிருந்தே பட்டினி. 1957-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் (பயஸ்) திட உணவுக்கு மூன்று மணி என்று குறைத்தார், 1964-இல் 6-ஆம் பவுல் ஒரு மணி ஆக்கினார். அதனால் ‘நாங்கள் எல்லாம் பட்டினியாகப் போனோம்’ என்று பாட்டி சொல்வது மிகையில்லை.

ஒரே நாளில் இரண்டாம்முறை வாங்கலாம், இரண்டாவது வாங்குவது நீங்கள் பங்கெடுக்கும் திருப்பலிக்குள்ளேயே இருக்க வேண்டும். மூன்றாம்முறை கிடையாது. மரண ஆபத்து மட்டும் விதிவிலக்கு. மனத்தில் சாவான பாவம் உறுத்தினால் முதலில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை). பஸ்ஸில் பாட்டுப் போடுபவரிடம் ஒரு வார்த்தை: 1693 பிப்ரவரி 4 அன்று புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) விசுவாசத்துக்காகத் தலை கொடுத்த ஓரியூர் மண்ணுக்குப் போகிறீர்கள். கடைசிச் சில கிலோமீட்டராவது ஒலிபெருக்கி ஓயட்டும், செபமாலை சொல்ல அந்த நேரம் சரியாக இருக்கும்.

கேள்வி: பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். நற்கருணை மன்றாட்டு (அப்பத்தின்மேலும் இரசத்தின்மேலும் குரு சொல்லும் நீண்ட செபம்) நேரத்தில் மெதுவாக ‘பேட்’ சத்தம் விட்டால் பக்தியாக இருக்கிறது என்று மக்கள் சொல்கிறார்கள். புதிதாக வந்த சாமியார் கூடாது என்கிறார்.
— சிவகங்கைச் சீமை வாசகர் (ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

சாமியார் சொல்வதே முறை. குரு தமக்குரிய மன்றாட்டைச் சொல்லும்போது வேறு செபமோ பாட்டோ கூடாது, இசைக்கருவியும் ஒலிக்கக் கூடாது என்று பொதுப் படிப்பினை 32-ஆம் எண் சொல்கிறது. மென்மையாக வாசித்தாலும் விதி அதுதான். பக்தியாக இருக்கிறது என்று மக்கள் சொல்வது பொய்யில்லை. அந்த உணர்ச்சியை உங்கள் ஸ்வரம் உண்டாக்குகிறது, குரு சொல்லும் சொற்களோ பின்னணியாகப் போய்விடுகின்றன. சினிமாவில் வசனத்துக்குக் கீழே ஓடும் இசை செய்யும் வேலை அது. எழுந்தேற்றத்தில் மணி மட்டும் ஒலிக்கட்டும்.

இதோடு இன்னும் இரண்டு. பதிலுரைப் பாடல் இறைவார்த்தையின் ஒரு பகுதி, திருப்பாடல்களிலிருந்து வருவது. அதன் இடத்தில் பக்திப்பாடலைப் போட்டுவிடக் கூடாது. மெட்டுத் தெரியாவிட்டால் பல்லவியை மட்டும் எல்லாரும் பாட, வரிகளை ஒருவர் நிதானமாகப் படிக்கலாம். தவக்காலத்தில் கருவிகள் பாட்டுக்குத் துணையாக மட்டும். நான்காம் ஞாயிறும் பெருவிழா, விழா நாட்களும் நீங்கலாக, தனி வாசிப்பு இல்லை. ‘ரிதம்’ பொத்தானை அந்த நாற்பது நாளும் தொடாமல் இருந்து பாருங்கள். பாடுபவர்கள் யாருக்குத் தாளம் நிற்கிறது, யாருக்கு நிற்கவில்லை என்பது அப்போது தெரியும்.

நன்மை கொடுத்து முடிந்ததும் உடனே அடுத்த பாட்டு எடுக்க வேண்டாம். ஒரு நிமிடம் சும்மா இருங்கள். பாடகர்களுக்கும் நன்றி சொல்ல நேரம் வேண்டும்.

கேள்வி: நாங்கள் நகரத்தார் வீடு. மகனின் நண்பனுக்குச் சர்ச்சில் கல்யாணம். பூசையும் உண்டாம். நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? பிரசாதம் கொடுத்தால் வாங்கலாமா?
— பள்ளத்தூர் ஆச்சி

வாருங்கள் ஆச்சி. நடுவரிசையில் உட்காருங்கள். முன்னால் இருப்பவர்கள் எழுந்தால் எழுந்திருங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். அவர்கள் முழங்காலிடும்போது நீங்கள் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். சிலுவை வரைவதும் பதில் சொல்வதும் உங்களுக்குக் கட்டாயமில்லை.

நீங்கள் பிரசாதம் என்று கேட்டது வெள்ளையாக வட்டமாக இருக்கும் அப்பம். அதைப் பிரசாதம்போல வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பதில்லை. அது கிறிஸ்துவின் உடல் என்பது கத்தோலிக்கர் விசுவாசம். ஞானஸ்நானம் பெற்று, அதற்கெனத் தயாரிப்புப் பெற்றவர்களே வாங்குவார்கள். வரிசை நகரும்போது இடத்திலேயே இருந்துவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கூட்டத்தில் தெரியாமல் வரிசைக்குள் வந்துவிட்டால் கைகளை மார்பில் குறுக்காக வைத்துத் தலை குனியுங்கள், குரு புரிந்துகொண்டு ஆசி மட்டும் தருவார். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல் வேறு. முந்திய ஆண்டுக் குருத்தோலைகளை எரித்து எடுப்பது. அதை விரும்பி வரும் எவரும் பெறலாம்.

கல்யாண வீட்டாருக்கும் ஒரு வார்த்தை, ஆச்சிக்கு அல்ல. படம் எடுப்பவர் எங்கே நிற்கலாம், எங்கே ஏறக் கூடாது என்பதை முதல்நாளே சாமியாரிடம் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். பீடத்துக்கும் மணமக்களுக்கும் நடுவில் எவரும் நிற்பதில்லை, நற்கருணை மன்றாட்டில் மின்னொளி இல்லை என்ற இரண்டை மட்டும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டால் பாதித் தொல்லை குறையும். இடைக்காட்டூர் போன்ற அழகான ஆலயங்களில் இது இன்னும் கண்டிப்பாக வேண்டும். பிரான்சு நாட்டு ரீம்ஸ் பேராலயத்தின் சாயலில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அந்தக் கோயிலில் படமெடுக்க வருகிறவர்களுக்கு உள்ளே செபிப்பவர்கள் இருப்பதே பல நேரம் கண்ணில் படுவதில்லை.

கேள்வி: திருவிழாவுக்குக் குத்துவிளக்கு, ஆரத்தி, சாம்பிராணி எல்லாம் வைக்கிறோம். போன வருடம் விளக்கு புகைந்தது, சாம்பிராணியில் பாதிப் பேர் இருமினார்கள், ஆத்தங்குடிக் கல் தரையில் எண்ணெய்க் கறை. அடுத்த முறை எப்படி?
— கானாடுகாத்தான் பக்கத்துக் கோயில் கமிட்டி

விளக்குப் புகைவது திரி நீளமாக வெளியே நிற்பதால். அரை விரற்கடைக்கு மேல் விடாதீர்கள். பருத்தித் திரியை அரை மணி முன்பே நல்லெண்ணெயில் ஊறப்போடுங்கள். ஊறாத திரி முதலில் தானே கருகி, பிறகுதான் எண்ணெயை இழுக்கும். விளக்குக்கு நேரே இருக்கும் மின்விசிறியை நிறுத்துங்கள். விளக்கைப் பீடத்தின் மேல் வைக்க வேண்டாம், பீடத்தை மறைக்கவும் வேண்டாம், பக்கவாட்டில் நிற்கட்டும். கீழே அகலமான பித்தளைத் தாம்பாளம் கட்டாயம். ஆத்தங்குடிக் கல் சுட்டு எடுத்த ஓடு அல்ல. சிமெண்டும் மணலும் சாயமும் சேர்த்துக் கண்ணாடிமேல் வார்த்துக் காயவைப்பது. எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், ஆசிட் பட்டால் நிறம் வெளுத்துவிடும். சிந்தியவுடன் அரிசித் தவிடோ கோலமாவோ கொட்டி ஊறவிட்டு அள்ளுங்கள். மெழுகு சிந்தினால் முழுதாக இறுகவிட்டுத் தேங்காய் ஓட்டின் விளிம்பால் சுரண்டுங்கள், கத்தி வேண்டாம்.

சாம்பிராணிக்குத் தொட்டாங்குச்சிக் கரியே நல்லது. பவனி கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே பற்றவைத்து, மேலே சாம்பல் பூக்கும் வரை விசிறுங்கள். பாதி பற்றிய கரியில் போட்டால் வருவது கரிப்புகை, இருமல் அதனால்தான். ஒரு தடவைக்கு அரைத் தேக்கரண்டி போதும். தீர்ந்தபின் மறுபடி போடலாம். தூபம் காட்டும்போது நற்கருணை, காணிக்கை, சிலுவை, நற்செய்தி நூல், குரு, மக்கள் எல்லாவற்றுக்கும் மும்முறை. பொதுவில் வைத்திருக்கும் புனிதர் திருப்பண்டத்துக்கும் சுரூபத்துக்கும் இருமுறை. தூபம் காட்டும் முன்னும் பின்னும் வணக்கம் உண்டு, பீடத்துக்கும் காணிக்கைக்கும் மட்டும் கிடையாது.

ஆரத்தி, மலர், தீபம் மூன்றும் 1969 அனுமதியில் இருப்பவைதான். நற்கருணை மன்றாட்டின் இறுதிப் புகழுரையோடு தொடங்கி அதோடு முடிய வேண்டும். பிள்ளைகள் தட்டோடு வட்டமடிக்க ஆரம்பித்துக் குரு அப்பத்தை உயர்த்திப் பிடித்தபடி காத்துநிற்கும் நிலை வரக் கூடாது. இசைத்தட்டுக்குப் பயிற்சி கொடுப்பதைவிட அந்த ஒரு மன்றாட்டின் நீளத்துக்குப் பயிற்சி கொடுங்கள். பூவைப் பீடத்தின் மேல் குவிக்காமல் சுற்றிலும் வையுங்கள். தவக்காலத்தில் நான்காம் ஞாயிறு, பெருவிழா, விழா தவிரப் பூ இல்லை.

கேள்வி: சமாதானம் சொல்லும்போது கைகுலுக்குவதா, கும்பிடுவதா?
— கண்டனூர் வாசகர்

கும்பிடுங்கள். இந்தியாவில் கைகூப்புவதே அனுமதிக்கப்பட்ட முறை. பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும், இடத்தை விட்டு நகராமல். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயங்களில் ஒருவர் கையை மற்றவர் இரு கையாலும் பொதிந்து ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கடத்தும் முறை உண்டு. அங்கே போனால் அங்குள்ளபடி செய்யலாம்.

கேள்வி: புது நன்மை வாங்கிய பிள்ளைக்குப் பயத்தில் குமட்டி, வாயிலிருந்து துப்பிவிட்டான். என்ன செய்வதென்றே தெரியாமல் விழித்தோம். இனி நடந்தால்?
— தேவகோட்டை வாசகி

பிள்ளையைத் திட்டாதீர்கள், முதலில் அது. சுத்தமான கைக்குட்டையில் அப்படியே ஏந்திக் குருவிடமோ நன்மை கொடுப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள். அவர்கள் அதைத் தண்ணீரில் போட்டு, முற்றிலும் கரைந்த பிறகு அதற்குரிய தொட்டியிலோ மிதிபடாத மண்ணிலோ ஊற்றுவார்கள். தரையில் விழுந்தால் யாரும் மிதிக்காதபடி அங்கேயே நின்றுகொள்ளுங்கள், குரு வந்து எடுத்துக்கொள்வார். அடுத்த முறைக்கு: வசீகரம் செய்யப்படாத வெறும் அப்பத்தை ஒன்றிரண்டு முறை வாயில் வைத்துப் பழக்குங்கள். அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது தெரியாமல்தான் பாதிப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.